கட்டணம் கேளாத ஆசான்



மேல்நாடுகளில் இசை விழா நடக்கும் ஊர்களுக்குச் சென்று வந்தவர்கள் ஒரு செய்தியை வியப்போடு சொல்வதுண்டு. அங்கே மாலைக் கச்சேரிக்கு மட்டும் மண்டபம் நிறைவதில்லை. பகலிலும் நிறைகிறது. விழாவுக்கென்று வந்திருக்கும் பெரிய வித்துவான் ஒருவர் மேடையில் அமர்ந்திருப்பார். இளம் மாணவி ஒருத்தி வந்து, தான் பயின்றதை வாசிப்பாள். அவர் கேட்பார், திருத்துவார், சில வேளை தாமே வாசித்துக் காட்டுவார். மற்ற மாணவர்களும் ஊர் மக்களும் சுற்றி அமர்ந்து அத்தனையையும் கேட்பார்கள். பல விழாக்களில் இதற்குக் கட்டணமே இல்லை. இதனை மாஸ்டர் கிளாஸ் என்கிறார்கள். நாம் ஆசான் வகுப்பு என்று சொல்லலாம்.

ஒருவருக்குச் சொல்லும் பாடத்தைப் பலரும் கேட்டுப் பயன் பெறும் இந்த முறை எங்கிருந்து வந்தது? பியானோ உலகில் இதனை நிலைநாட்டியவர், 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஃபிரான்ஸ் லிஸ்ட் என்னும் மேதை. கடைக்குப் போகும்போது அம்மா எழுதிக் கொடுக்கும் லிஸ்ட் அன்று! ஐரோப்பா முழுவதையும் தம் பத்து விரல்களால் ஆட்டிவைத்த லிஸ்ட். தம் வாழ்வின் பிற்பகுதியில் நூற்றுக்கணக்கான மாணவ மாணவியருக்கு ஒரு காசும் பெறாமல் கற்பித்த லிஸ்ட். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதை அறிய வேண்டுமானால், அவருடைய சிறு வயதிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒரு கதவு மூடியது, ஒரு கதவு திறந்தது

ஹங்கேரி அரசின் மேற்கு எல்லையில் ரைடிங் என்றொரு சிற்றூர். இன்று அவ்வூர் ஆஸ்திரியாவில் இருக்கிறது. 1811-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் அங்கே லிஸ்ட் பிறந்தார். தந்தை ஆதாம், எஸ்டர்ஹாசி பிரபுக்களின் பண்ணையில் ஆட்டு மந்தைகளுக்குக் கணக்கு வைக்கும் அலுவலர். செல்லோ வாசிப்பார். இளமையில் பிரான்சிஸ்கன் சபையில் துறவியாகச் சேர்ந்து, நவசந்நியாசத்திலேயே வெளியே வந்தவர். சபையை விட்டாலும் புனித பிரான்சிசு மீதிருந்த அன்பு அவரை விடவில்லை. தமக்குப் பிறந்த ஒரே மகனுக்கு அப்புனிதரின் பெயரையே வைத்தார்.

சிறுவனுக்கு முதல் பியானோ ஆசிரியர் தந்தைதான். விரைவிலேயே தந்தைக்குத் தெரிந்ததெல்லாம் மகனுக்கும் தெரிந்துவிட்டது. 1820 நவம்பரில் பிரெஸ்பர்க் நகரில் (இன்றைய பிராட்டிஸ்லாவா) ஒன்பதே வயதான சிறுவன் வாசித்ததைக் கேட்ட ஹங்கேரிப் பிரபுக்கள் சிலர், அவன் படிப்புக்காக ஆண்டுக்கு 600 கில்டர் வீதம் ஆறு ஆண்டுகளுக்கு உதவுவதாக வாக்களித்தனர்.

பணம் வந்தால் போதுமா? நல்ல ஆசிரியர் வேண்டாமா? அக்காலத்தில் பியானோவுக்குப் பெயர் பெற்றவர் ஹம்மல். இவர் சிறுவனாயிருந்தபோது மோசார்ட்டின் வீட்டிலேயே தங்கிப் பயின்றவர். ஜெர்மனியில் வைமர் என்ற சிறு நகரத்தின் அரண்மனையில் இசைத் தலைவராக இருந்தார். ஆதாம் அவரிடம் மகனைச் சேர்க்க விரும்பினார். ஆனால் ஹம்மல் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பொற்காசு கேட்டார். கணக்கர் வீட்டுக்கு அது எட்டாத தொகை. வைமரின் கதவு மூடிக்கொண்டது. மாணவியரே, வைமர் என்ற இந்த ஊரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் அங்கே வருவோம்.

ஆதாம் வேலைக்கு விடுப்புப் பெற்று, வீட்டுச் சாமான்களை விற்று, 1822-இல் குடும்பத்தோடு வியன்னாவுக்குக் குடி பெயர்ந்தார். அங்கே கார்ல் செர்னி என்ற ஆசிரியர் இருந்தார். இன்றும் பியானோ பயிலும் பிள்ளைகள் செர்னியின் பயிற்சிகளை வாசித்துத்தான் விரல் பழகுகிறார்கள். அவர் பீத்தோவனிடம் பாடம் கேட்டவர். காலை முதல் மாலை வரை கட்டணத்துக்குக் கற்பித்து வாழ்ந்தவர். தம் முன் வந்து நின்ற சிறுவன் வெளிறி, மெலிந்து, வாசிக்கும்போது நாற்காலியில் தள்ளாடியதைக் கண்டார். விரல்களில் ஒழுங்கில்லை. ஆனால் உள்ளே இருந்த அருள் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் அவனுக்கென்று ஒதுக்கினார். தாளம் தவறாமை, விரல் ஒழுங்கு, சுரத் தெளிவு ஆகியவற்றை முதலிலிருந்து கற்பித்தார். சில பாடங்கள் முடிந்ததும் ஆதாம் கட்டணத்தை நீட்டினார். செர்னி அதை வாங்க மறுத்துவிட்டார்.

அதே நகரில் முதியவரான சாலியெரி, சிறுவனுக்கு இசை இலக்கணம் கற்பித்தார். அவரும் பணம் பெறவில்லை. கோடை வெயிலில் பிள்ளை புறநகரிலிருந்து நடந்து வருவதைக் கண்டு மனம் பொறாமல், அக்குடும்பம் நகருக்குள் தங்க உதவி செய்யுமாறு எஸ்டர்ஹாசி பிரபுவுக்குக் கடிதமும் எழுதினார்.

இப்படி, பணம் கேட்ட ஒரு கதவு மூடியதையும், பணம் கேளாத இரு கதவுகள் திறந்ததையும் அச்சிறுவன் 11 வயதிலேயே கண்டுகொண்டான். அது அவன் நெஞ்சை விட்டு அகலவேயில்லை.

உழைப்பும் புகழும்

1823 இறுதியில் குடும்பம் பாரிசை அடைந்தது. அங்கிருந்த அரசாங்க இசைப் பள்ளியில் சேர லிஸ்ட் ஆவலோடு சென்றான். வெளிநாட்டவருக்கு இடமில்லை என்ற விதியைக் காட்டித் தலைவர் செருபினி மறுத்துவிட்டார். செருபினியே இத்தாலியிலிருந்து வந்தவர்தாம்! இது சிறுவனுக்கு மூடிய இரண்டாவது கதவு.

1827 ஆகஸ்டில் தந்தை நச்சுக் காய்ச்சலால் இறந்தார். 15 வயது மகன் தன் பியானோவை விற்றுக் கடன்களை அடைத்தான். தாயைப் பாரிசுக்கு வரவழைத்து, அவரைக் காப்பாற்றும் பொறுப்பை ஏற்றான். காலையில் தொடங்கி இரவு வரை தெருத் தெருவாக நடந்து வீடு வீடாகப் பியானோ கற்பித்தான். ஆகவே கற்பித்துச் சம்பாதிப்பது என்றால் என்னவென்று லிஸ்ட்டுக்கு நன்றாகத் தெரியும். கட்டணம் வாங்குவதை அவர் ஒருபோதும் இழிவாக எண்ணியதில்லை. அந்தக் கட்டணத்தில்தான் அவர் தாய் உணவு உண்டார்.

1832-இல் பகனீனி என்ற வயலின் மேதையின் வாசிப்பைப் பாரிசில் கேட்டார். பியானோவிலும் இத்தகைய அற்புதம் செய்து காட்ட வேண்டும் என்ற வெறி அவரைப் பற்றிக்கொண்டது. நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் விரற்பயிற்சி மட்டுமே செய்தார். பின்னர் 1839 முதல் 1847 வரை ஐரோப்பா எங்கும் சுற்றினார். ஒரே ஒருவர் மேடையில் அமர்ந்து கச்சேரி முழுவதையும் தனியாக நடத்தும் முறையை நிலைநாட்டியவர் அவரே. முகத்தின் பக்கவாட்டுத் தோற்றம் அவையோருக்குத் தெரியும்படி பியானோவைத் திருப்பிப் போட்டதும், ஏட்டைப் பாராமல் வாசித்ததும் அவரால் பரவிய வழக்கங்கள்.

பணம் மழையாய்ப் பொழிந்தது. அதை அவர் அணை கட்டித் தேக்கவில்லை. 1838-இல் தானூப் ஆறு பெருக்கெடுத்துப் பெஸ்ட் நகர் வெள்ளத்தில் மூழ்கியபோது, வியன்னாவில் கச்சேரிகள் நடத்தி நிதி திரட்டி அனுப்பினார். 1842-இல் ஹாம்பர்க் நகர் தீக்கிரையானபோதும் உதவினார். பான் நகரில் பீத்தோவனுக்குச் சிலை எழுப்பப் போதிய பணம் சேரவில்லை என்று கேள்விப்பட்டதும், தாமே 10,000 பிராங்கு தருவதாக எழுதினார். 1845 ஆகஸ்டில் அங்கே சிலை திறப்பு விழாவும் இசை விழாவும் நடந்தன. விழாவுக்கேற்ற மண்டபம் இல்லை என்று கண்டதும், அவசரமாக மரத்தால் ஒரு மண்டபம் எழுப்பவும் அவரே முன்னின்றார். தம் ஆசிரியருக்கு ஆசிரியரான பீத்தோவனுக்கு அவர் செலுத்திய குருதட்சிணை அது!

செர்னியையும் அவர் மறக்கவில்லை. தம் பியானோ உருப்படிகளுள் மிகக் கடினமானவை என்று பெயர் பெற்ற 12 பயிற்சிகளை 1852-இல் வெளியிட்டபோது, மாணவன் என்ற முறையில் மரியாதையோடு செர்னிக்கே அவற்றைக் காணிக்கையாக்கினார்.

மறைக்கக் கூடாத ஒரு பக்கம்

பெரியோர் வரலாற்றைச் சொல்லும்போது குறைகளை மறைப்பது அழகன்று. இளமையில் லிஸ்ட்டின் இல்வாழ்வு திருச்சபை காட்டும் நெறியில் செல்லவில்லை. மணமாகியிருந்த ஒரு பிரபுக் குடும்பத்துப் பெண்மணியோடு அவர் வாழ்ந்தார். அவர்களுக்கு மூன்று குழந்தைகள் பிறந்தனர். பெற்றோர் பிரிந்த பின் அப்பிள்ளைகள் பாரிசில் பாட்டியிடமும் ஆசிரியைகளிடமும் வளர்ந்தனர். அவர்களுடைய செலவுக்குத் தந்தை குறை வைக்கவில்லை. ஆனால் பல ஆண்டுகள் அவர்களை நேரில் சென்று பார்க்கவே இல்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வாரி வழங்கிய மனிதர், சொந்தப் பிள்ளைகளுக்குத் தம் முகத்தைக் காட்டாதிருந்தார். 1859-இல் மகன் டேனியல் 20 வயதில் இறந்தான். 1862-இல் மூத்த மகள் பிளாந்தீனும் இறந்தாள். மிஞ்சியவள் கோசிமா ஒருத்தியே.

இந்தத் துயரங்கள் அவரை ஆழமாய் அசைத்தன. இளம் வயதிலேயே குருவாக வேண்டும் என்று விரும்பித் தாயின் வேண்டுகோளால் நின்றவர் அவர். உரோமை நகருக்குச் சென்று, அந்நகரின் ஓரத்தில் மோன்தே மாரியோ குன்றின் மேலிருந்த செபமாலை அன்னை மடத்தில் எளிய அறை ஒன்றில் தங்கினார். 1863 சூலையில் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரே அங்கு வந்து அவர் வாசிப்பைக் கேட்டார். 1865 ஏப்ரலில் முடி குறைப்புச் சடங்கும், அதே ஆண்டு சூலையில் சிறு பட்டங்கள் நான்கும் பெற்றார். குருவாக அவர் அபிஷேகம் பெறவில்லை. ஆயினும் அன்று முதல் கறுப்பு அங்கியே அவர் உடையாயிற்று. ஆபே லிஸ்ட் என்றே உலகம் அவரை அழைத்தது. ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்தின் வரலாற்றையும், ஆண்டவர் இயேசுவின் வாழ்வையும், சிலுவைப் பாதையையும் அவர் இசையாக்கியுள்ளார். புனித பிரான்சிசு அசிசி பறவைகளுக்குப் போதித்த காட்சியைப் பியானோவில் கேட்கும்போது, சிறகடிப்பும் கீச்சொலியும் நம் காதில் விழும்.

வைமரின் திறந்த கதவு

1847-இல், 35 வயதில், புகழின் உச்சியில் நின்றபோதே லிஸ்ட் பணத்துக்கு வாசிப்பதை நிறுத்திக்கொண்டார். அதன்பின் மேடையேறியதெல்லாம் பெரும்பாலும் அறச்செயல்களுக்காகவே. 1848-இல் ஒரு நகரம் அவரைத் தன் அரண்மனை இசைத் தலைவராக அமர்த்திக்கொண்டது. எந்த நகரம் தெரியுமா? வைமர்! ஒரு பாடத்துக்கு ஒரு பொற்காசு என்று கேட்டு அவர் தந்தையைத் திருப்பியனுப்பிய ஹம்மல் வகித்த அதே பதவி! ஹம்மல் அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்தார். பொற்காசு கேட்ட ஊரில், ஒரு செப்புக்காசும் கேளாத வகுப்பைத் தொடங்கினார் லிஸ்ட்.

முன்னரும் ஒருமுறை அவர் இப்படிச் செய்ததுண்டு. 1835-இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் இசைப் பள்ளி திறக்கப்பட்டபோது ஊதியமின்றிக் கற்பித்தார். வகுப்புப் பதிவேட்டில் மாணவியர் ஒவ்வொருவரைப் பற்றியும் அவர் எழுதிய குறிப்புகள் சுவையானவை. ஒருத்திக்கு இசை உணர்வு மிகுதி, கைகளோ மிகச் சிறியவை. இன்னொருத்திக்கு ஆர்வம் ஏராளம், திறமை சுமார், வாசிக்கும்போது முகத்தைக் கோணுகிறாள். இன்றைய நம் முன்னேற்ற அறிக்கையில் இப்படியெல்லாம் எழுதினால் என்னாவது!

வைமரில் 1861 வரை இருந்த முதல் காலத்திலும், உரோமையிலிருந்து 1869-இல் திரும்பி ஆண்டுதோறும் சில மாதங்கள் அங்கே தங்கிய காலத்திலும், அவர் கதவு திறந்தே இருந்தது. பூங்காவின் ஓரத்தில் அரண்மனைத் தோட்டக்காரருக்கென்று கட்டிய வீடு ஒன்று இருந்தது. அந்நாட்டு அரசர் அதைத்தான் லிஸ்ட் தங்குவதற்குக் கொடுத்தார். விடியலுக்கு முன்னமே எழுந்து காலை முழுதும் எழுதுவார். வாரத்தில் மூன்று பிற்பகல்கள் வகுப்பு.

அந்த வகுப்பு எப்படி நடந்தது? நுழைந்ததும் மாணவர்கள் தாங்கள் வாசிக்க விரும்பும் இசை ஏடுகளை ஒரு மேசையில் அடுக்கி வைப்பார்கள். முதியவர் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அவர் ஏடுகளைப் புரட்டி ஒன்றைக் கையில் எடுத்து, இது யாருடையது என்று வினவுவார். அதற்குரியவர் நெஞ்சு படபடக்கச் சென்று பியானோ முன் அமர வேண்டும். மற்ற அனைவரும் சுற்றி நின்றும் அமர்ந்தும் கேட்பார்கள்.

விரல் எப்படி வைப்பது, கை எப்படித் தூக்குவது என்ற பாடம் அங்கே இல்லை. அவற்றையெல்லாம் வீட்டிலேயே முடித்து வர வேண்டும் என்பது அவர் எண்ணம். விரல் பிசகினால் பொறுப்பார். உணர்வின்றி வாசித்தால் பொறுக்கமாட்டார். வாசித்த பகுதியின் பொருளை ஒரு உவமையால், ஒரு கையசைவால், அல்லது தாமே வாசித்துக் காட்டி விளக்குவார். ஷோபினின் இசையில் தாளம் எப்படி நெகிழ வேண்டும் என்று ஒருவர் கேட்டபோது, சாளரத்துக்கு வெளியே மரங்களைக் காட்டி, காற்றில் இலைகள் ஆடினாலும் அடிமரம் அசைவதில்லை என்று உணர்த்தினாராம்.

நம் நாட்டில் கேள்வி ஞானம் என்ற அருமையான சொல் இருக்கிறது. குரு மற்றொரு சீடனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பக்கத்தில் இருந்து கேட்டே வளர்வது அது. லிஸ்ட்டின் வகுப்பின் உயிர்நிலை இதுவே. ஒருநாளில் ஐந்தாறு பேர் வாசித்திருக்கலாம். ஆனால் கற்றவர்கள் அங்கிருந்த இருபது பேரும்.

அந்த இருபதில் மாணவியர் குறைவில்லை. இசையைத் தொழிலாக ஏற்கும் பெண்ணை உலகம் ஐயத்தோடு நோக்கிய காலம் அது. சோஃபி மென்டர் என்ற ஜெர்மானியப் பெண்மணியை அவர் தம் சிறந்த மாணவியருள் ஒருவராகப் போற்றினார். ரஷ்யாவிலிருந்து வேரா திமானோவா வந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த ஏமி ஃபே, 1873 கோடையில் வைமரில் பயின்றபோது வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாக வெளிவந்தன. அவ்வகுப்பை நாம் இன்று கண்ணாரக் காண்பது பெரும்பாலும் அக்கடிதங்களாலும், அகஸ்ட் கெல்லரிஷ் என்ற மாணவர் 1884 முதல் 1886 வரை எழுதி வைத்த நாட்குறிப்புகளாலும்தான். வழிப்போக்கராய் வந்த மேதைகளும் அங்கே உட்கார்ந்து கேட்டதுண்டு. ரஷ்ய இசையமைப்பாளரும் வேதியியல் பேராசிரியருமான போரோடின் 1877-இல் வந்து கண்டதைத் தம் மனைவிக்கு எழுதினார்.

லிஸ்ட்டும் நண்பர்களும் முயன்று 1861-இல் வைமரில் ஓர் இசைச் சங்கம் கண்டனர். ஜெர்மனியின் வெவ்வேறு நகரங்களில் அச்சங்கம் இசை விழாக்கள் நடத்தியது. புதிய இசையமைப்பாளர்களுக்கு மேடை தருவதே அதன் நோக்கம். முதுமையிலும் லிஸ்ட் அவ்விழாக்களுக்குச் செல்வார். மாணவர்கள் அவரைச் சூழ்ந்து செல்வார்கள். ஒரே பயணத்தில் விழாவும் கிடைத்தது, வகுப்பும் கிடைத்தது.

இலவசத்தின் விலை

இவ்வளவு படித்ததும் ஒரு கேள்வி உங்களுக்கு எழலாம். கட்டணமில்லை, கதவும் திறந்திருக்கிறது என்றால் கண்டவரும் நுழைய மாட்டார்களா? நுழைந்தார்கள். பயிற்சியே இல்லாதவர்களும், லிஸ்ட்டின் மாணவர் என்று பெயர் சொல்லிக்கொள்ள மட்டுமே வந்தவர்களும் நுழைந்தார்கள். வகுப்பின் தரம் தாழ்ந்துவிட்டது என்று வெளியார் குறை கூறினர். அவருடைய பழைய மாணவரும் மிகக் கண்டிப்பானவருமான ஹான்ஸ் ஃபான் பூலோ, ஒரு கோடையில் வைமருக்கு வந்து ஆசிரியருக்குப் பதிலாக ஒருநாள் வகுப்பு எடுத்தார். திறமையற்றவர்களைக் கடுமையாகப் பேசி, இனி வரவேண்டாம் என்று விரட்டினார். ஆசானுக்குத் தாம் செய்த நன்றிக்கடன் என்றே அதனைக் கருதினார். ஆனால் விரட்டப்பட்டவர்கள் ஒவ்வொருவராய் லிஸ்ட்டிடம் திரும்பி வந்தார்கள். அவரும் ஒவ்வொருவராய் ஏற்றுக்கொண்டார்!

லிஸ்ட் செய்தது சரியா? பூலோ செய்தது சரியா? தரம் வேண்டும் என்ற பூலோவின் வாதம் பொய்யன்று. ஆனால் லிஸ்ட் தம் வாழ்விலேயே இரண்டு மூடிய கதவுகளின் முன் நின்றவர். ஒன்றில் பணம் குறுக்கே நின்றது, மற்றொன்றில் பிறந்த நாடு குறுக்கே நின்றது. செர்னியிடம் முதலில் வந்து நின்றபோது அவரும் ஒழுங்கற்று வாசித்த சிறுவன்தான். எவரிடம் என்ன ஒளிந்திருக்கிறது என்று வாசலிலேயே தீர்ப்பிட அவர் அஞ்சினார். தகுதியற்ற பத்துப் பேரைப் பொறுத்துக்கொள்வது, தகுதியுள்ள ஒரு ஏழையைத் திருப்பியனுப்புவதைவிட மேல் என்று எண்ணினார் போலும்.

1885-இல் அக்கதவு வழியே நுழைந்தவர்களுள் ஒருவர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் எளிய குடும்பத்தில் பிறந்த 17 வயது ஃபிரடெரிக் லாமண்ட். பீத்தோவனை வாசிப்பதில் பெரும் புகழ் பெற்று 1948 வரை வாழ்ந்தார் அவர். அலெக்சாண்டர் சிலோட்டி ரஷ்யா திரும்பி ராக்மனினாஃபுக்குக் கற்பித்தார். இஸ்த்வான் தோமான் ஹங்கேரியில் பார்டோக்குக்குக் கற்பித்தார். லிஸ்ட்டிடம் பயின்றோர் 400 பேருக்கு மேல் என்று வரலாற்று ஆசிரியர் கணக்கிட்டிருக்கின்றனர். செர்னி ஒரு சிறுவனிடம் வாங்க மறுத்த சில நாணயங்கள் எத்தனை மடங்காய்ப் பெருகின, பார்த்தீர்களா?

இலவசம் என்றால் விலையே இல்லை என்று பொருளன்று. அந்த விலையை வேறொருவர் செலுத்துகிறார் என்றே பொருள். லிஸ்ட் தம் நேரத்தாலும், முதிய வயதில் பயணத்தாலும், சோர்வாலும் அதனைச் செலுத்தினார். ஆண்டுதோறும் வைமர், புடாபெஸ்ட், உரோமை என்று மூன்று நகரங்களுக்கும் மாறி மாறிச் சென்று கற்பித்தார். 1875-இல் புடாபெஸ்டில் இசைக் கல்விக்கழகம் தொடங்கியபோது அதன் தலைவரும் அவரே. இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. 1881-இல் வைமர் வீட்டு மாடிப்படியில் விழுந்த பின் உடல் தளர்ந்தது. கால்கள் வீங்கின, கண் பார்வை மங்கிற்று. வகுப்பு நிற்கவில்லை.

இறுதி நாட்கள்

1886 சூலையில் மகள் கோசிமா, பைரொய்த் நகரில் தான் நடத்திய இசை விழாவுக்குத் தந்தையை அழைத்தாள். காலமாகியிருந்த அவள் கணவர் வாக்னரின் இசை நாடகங்களுக்கான விழா அது. விழாவில் லிஸ்ட்டைக் கண்டால் மக்கள் வருவார்கள் என்பது அவள் நம்பிக்கை. சளியும் இருமலுமாய் வந்து சேர்ந்தார். அந்நிலையிலும் இரு நாடகங்களுக்குச் சென்று அமர்ந்தார். சளி நுரையீரல் காய்ச்சலாயிற்று. சூலை 31-ஆம் நாள் இரவு இறைவனடி சேர்ந்தார். அவரைப் பின்தொடர்ந்து வந்த மாணவர்கள் சிலர் அந்நாட்களில் அவ்வூரிலேயே இருந்தனர். பைரொய்த்தின் நகரக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் துயில்கிறது. அடக்கத்துக்கு மறுநாள் நடந்த இரங்கல் திருப்பலியில் ஆர்கன் வாசித்தவர் மற்றொரு கத்தோலிக்க இசை மேதை, அன்டன் புரூக்னர்.

மாணவியரே, லிஸ்ட்டின் விரல்களை இறைவன் எல்லோருக்கும் அருளவில்லை. ஆனால் அவருடைய வகுப்பறை நமக்கு எட்டாததன்று. கணக்கு நன்றாக வரும் பெண் ஒருத்தி, மதிய இடைவேளையில் பத்து நிமிடம் தன் தோழிக்குச் சொல்லிக் கொடுத்தால் அங்கே அவ்வகுப்பு தொடங்குகிறது. ஒருத்தியின் தவற்றை ஆசிரியை திருத்தும்போது மற்றவர்கள் நகைக்காமல் காது கொடுத்துக் கேட்டால் அங்கே அது தொடர்கிறது. உங்களுக்குக் கட்டணம் கேளாமல் கற்பித்தவர் யாரேனும் உண்டா? எழுத்தை விரல் பிடித்து எழுதுவித்த பாட்டியோ, பள்ளி விட்ட பின்னும் தங்கி உங்களுக்காகப் பாடம் சொன்ன கன்னியரோ, அக்காவோ? அவரை ஒருகணம் நினைத்துப் பாருங்கள். அவருக்கு நீங்கள் பட்ட கடனை அவரிடமே திருப்பிச் செலுத்த முடியாது. செர்னிக்குப் பட்ட கடனை லிஸ்ட் அடைத்தது போல, உங்களுக்குப் பின்னே வரிசையில் நிற்கும் சிறுமியிடம்தான் செலுத்த முடியும்.